மெம்பர் காட்டிய இடம்

மனிதன் கண்டுபிடித்த கலைகளுக்குள் உயர்ந்தது ஓர் ஊர் தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் கலை. மன்னர்கள் மறைவார்கள், படைகள் கலையும். நாலு பெரியவர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஊர் நன்மைக்காகத் தீர்மானம் போடும் காட்சி மட்டும் என்றைக்கும் அழியாது. கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவே ஆற்றோரம் கிடந்த புக்கிட் கெலாடி என்ற சின்ன ஊரில், அந்தக் காட்சி மாதம் ஒரு தடவை நடந்தது. தெருவில் திரிந்து பிடிபட்ட மாடுகளை அடைக்கும் பட்டிக்கு மேலே, பலகை மாடியில் நடந்தது. தீர்மானம் வாசிக்கும்போது கீழே மாடு கத்தினால், அது அடங்கும் வரை தலைவர் துரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காத்திருப்பார். சில தீர்மானங்களுக்கு மாடு இரண்டு மூன்று தடவை கத்தும்.

சபைக்குப் பெயர் சானிட்டரி போர்டு. அது ஆண்ட சாம்ராஜ்யம் சாக்கடை, கக்கூஸ் வாளி, தெருவிளக்கு, நாய் லைசென்ஸ், பாசார் என்ற சந்தையில் மீன் அறுக்கும் பலகை. மெம்பர்களை ஊர் தேர்ந்தெடுப்பதில்லை, அரசாங்கம் நியமிக்கும். தலைவர் ஜில்லா துரை. பக்கத்தில் சுகாதார துரை, ஒரு தோட்டத்துத் துரை, தவுக்கே என்று அழைக்கப்பட்ட ஒரு சீன முதலாளி, பெங்குலு என்ற மலாய் ஊர்த் தலைவர் ஒருவர். இந்தியருக்கு ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தவர் கப்பலேறித் தன் ஊருக்குப் போய்விட்டதால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் அந்த நாற்காலி காலியானது.

"யாரைப் போடலாம்?" என்று ஜில்லா துரை இந்தியர் சங்கத்தை வாய்வார்த்தையாகக் கேட்டு வைத்தார். துரை கேட்டுவிட்டார் என்பதிலேயே சங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. சங்கத் தலைவர், துணிக்கடை அப்துல் ஜலீல் ராவுத்தர், எலெக்‌ஷன் வைத்தே தீருவதென்று சொல்லிவிட்டார். லண்டனில் அப்படித்தானாம்.

நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் சாமான் கடை நாகையா. ஊரில் பாதிப் பேர் அவர் அரிசியைத்தான் தின்றார்கள், மீதிப் பேர் அவர் கடை வாசலில் நின்று பேசினார்கள். மற்றவர் யாழ்ப்பாணத்துக் கார்த்திகேசு. ரயில்வேயில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்று, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸை விட்டு இங்கே வந்து வீடு கட்டியவர். இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. முன்பு ஒரு தடவை தன் வீட்டு வாசல் சாக்கடையைப் பற்றிப் போர்டுக்குப் பதினொரு பக்கம் எழுதியிருந்தார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய. அதனால் ராவுத்தர் ஒரு வழி கண்டார். நாகையாவுக்கு வெற்றிலை, கார்த்திகேசுவுக்குப் பாக்கு. ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போய், தாம்பாளத்திலிருந்து வேண்டியதை எடுத்துச் செப்புக் குடத்துக்குள் போட வேண்டும். ரகசியமும் ஆயிற்று, மங்களமும் ஆயிற்று.

எலெக்‌ஷன் நாள் விடியலில் நாகையாவின் மகள் தங்கமணி இறந்துபோனாள்.

பதினோரு மாதக் குழந்தை. வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து பார்த்துத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார், காய்ச்சிக் கொடுத்தார்கள், நிற்கவில்லை. நாகையாவுக்கும் பவுனம்மாளுக்கும் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை.

சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பார்கள். முறையான இடுகாடு கிள்ளான் பாதையில் வெகு தூரத்தில் இருந்தது. அதனால் ஊர்க் கூலி ஜனங்களும் ரயில்வேக் கூலி லயங்களில் குடியிருந்தவர்களும் தங்கள் சின்னதுகளை ஆற்றங்கரை மேட்டில் புதைத்து வந்தார்கள். யாரையும் கேட்கவில்லை. யாரும் தடுக்கவுமில்லை.

பெண்கள் அங்கே போகும் வழக்கமில்லை. பவுனம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய அண்ணன் கன்னையா, மாட்டுவண்டிக்காரர், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் காத்திருந்தார். வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளையை நாகையா கையில் ஏந்தினார். முந்தின நாள் இருந்த கனம் இல்லை.

"நாய் வரும்ங்க" என்றாள் பவுனம்மாள்.

"வராது பவுனு."

"வரும். போன மாசம் லெட்சுமி புள்ளைய என்ன பண்ணுச்சுன்னு தெரியும்ல. கல்லு வைங்க. நிறைய வைங்க."

"வைக்கிறேன்."

"இன்னைக்கு நீங்க மெம்பர் ஆயிட்டா, மொத வேலையா அங்க ஒரு வேலி போட்டுருங்க. கம்பி வேலி. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ஒரு சேலைகூட வேணாம்."

"போடறேன்" என்றார் நாகையா. சொன்னபோது மனதாரத்தான் சொன்னார்.

பாதி வழியில், மர ஆலையைத் தாண்டி ஆற்றுக்குத் திரும்பும் முடுக்கில், பின்னாலிருந்து சைக்கிள் மணி கேட்டது. போர்டில் கிராணியாகவும் சங்கத்தில் செயலாளராகவும் இருந்த ராதாகிருஷ்ணன் வேர்த்து விறுவிறுத்து வந்து இறங்கினான். நாகையாவின் கையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான், ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விடவில்லை.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. குடத்தைக் கவுத்து எண்ணியாச்சு. வெத்தலையும் பாக்கும் சரிக்குச் சரி."

"அதெப்படிடா சரிக்குச் சரி?" என்றார் கன்னையா.

"வெறும் வெத்தலை போட்டா அமங்கலம், வெறும் பாக்கு போட்டா மரியாதையில்லைன்னு அவ்வளவு பேரும் ரெண்டையும் சேர்த்துப் போட்டுட்டாங்கண்ணே. ஒருத்தர் சுண்ணாம்பும் தடவிப் போட்டிருக்காரு."

கன்னையா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இப்ப ராவுத்தரு சொல்றாரு, ரெண்டு பேரும் நேர்ல வந்து நிக்கணுமாம். யாரு பின்னால எத்தனை பேரு நிக்கிறாங்கன்னு பார்ப்பாங்களாம். கார்த்திகேசு கோட்டோட வந்து உக்காந்திருக்காரு. நீங்க வரலேன்னா அவருதான்."

நாகையா பாதையைப் பார்த்தார். ஆறு தெரிந்தது. மேட்டில் நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் உச்சி தெரிந்தது.

"மச்சான்" என்றார்.

"என்ன மாப்ளே?"

"வேலி போடணும்னு பவுனு சொன்னதைக் கேட்டீங்கல்ல? நான் உள்ள போனாத்தான் வேலி. அந்த யாழ்ப்பாணத்தாரு வேலியா போடுவாரு?"

"பெத்தவன் கையால ஒரு பிடி மண்ணு போட்டுட்டுப் போலாமே. எலெக்‌ஷன் என்ன, ஓடியா போகுது?"

"ஓடித்தான் மச்சான் போகுது. நீங்க ஆரம்பிங்க. இந்தா வந்துட்டேன். அரை நாழிதான்."

கன்னையா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். நாகையா பிள்ளையை அந்தக் கைகளில் வைத்தார். தீட்டோடு சபைக்குப் போகக்கூடாதே என்று, பாதையோரம் ஓடிய போர்டு சாக்கடையில் காலைக் கழுவிக்கொண்டு, சைக்கிள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

சங்கத்து வாசலிலேயே ராவுத்தர் ரோஜா மாலையோடு நின்றார். யாரும் யாருக்குப் பின்னாலும் நிற்கவில்லை. கார்த்திகேசு மட்டும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"துரை ஆபீஸ்லேர்ந்து இப்பத்தான் ஆளு வந்துட்டுப் போனான், நாகையா" என்றார் ராவுத்தர். "உன் பேரைப் போன வாரமே எழுதி மேலே அனுப்பிட்டாங்களாம். கெஜெட்டுல ஏறிடுச்சாம். நாம எலெக்‌ஷன் வச்சதும் நல்லதாப் போச்சு, ரெண்டும் ஒத்துப்போச்சு பாரு!"

பதினொரு பக்கம் எழுதுகிறவரை மேஜைக்கு எதிரே உட்கார வைத்துக்கொள்ள எந்தத் துரைக்கும் பைத்தியமில்லை. இங்கிலீஷ் தெரியாத ஒரு நல்ல மனிதர் வேண்டுமென்று பார்த்தார்கள். நாகையா கிடைத்தார். அன்றைக்கு அவர் சங்கத்துக்கு வந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

மாலை போட்டு, கை தட்டி, சோடா உடைத்துக் கொடுத்து, ராவுத்தர் பேசி முடிக்க நேரமாயிற்று. நாகையா மாலையைச் சுருட்டி மடியில் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடினார். முடுக்கிலேயே கன்னையா எதிரே வந்தார். வேட்டி நனைந்திருந்தது. மண்வெட்டியும் கழுவியிருந்தது.

"முடிஞ்சுதா மச்சான்?"

"முடிஞ்சுது."

"எந்த இடத்துல?"

"மண்ணுல" என்று சொல்லிவிட்டுக் கன்னையா நடந்துகொண்டே இருந்தார்.

நாகையா மேட்டில் ஏறிப் பார்த்தார். சின்னச் சின்ன மேடுகள், பாத்தி பாத்தியாக, ஒன்றன்மேல் ஒன்று படாமல். இரண்டு நாளைக்கு முன்பு மழை பெய்திருந்தது, புது மண் எது பழைய மண் எது என்று சொல்ல முடியவில்லை. மூன்று நாலு மேட்டில் கல் வைத்திருந்தது. கன்னையா கல் வைத்தாரா என்றுகூடத் தெரியவில்லை. நாகையா கொஞ்ச நேரம் நின்றார். எதைப் பார்த்துக் கும்பிடுவது என்று புரியாமல், பொதுவாக ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டார்.

வீட்டில் பவுனம்மாள் கேட்டாள்: "எங்க வச்சீங்க?"

"அந்தத் தூங்குமூஞ்சி மரத்துக்குக் கிழக்கால" என்றார் நாகையா. வாயில் வந்த மரம் அதுதான்.

"கல்லு?"

"வச்சேன்."

கன்னையா தங்கையிடம் உண்மையைச் சொல்லவில்லை. நாகையாவிடம் அதற்கப்புறம் பேசவுமில்லை. தீபாவளிக்கு முன்னால் பண்டமாரான் பக்கம் கட்டை ஏற்றப் போனவர், காய்ச்சலோடு திரும்பி, ஒரு வாரத்தில் போய்விட்டார். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று நாகையா தள்ளிப் போட்டுக்கொண்டிருந்ததும் அவரோடு போயிற்று.

அப்புறம் ஊர் நாகையாவை மெம்பர் ஆக்கிற்று. கிள்ளானில் தையற்காரனிடம் கறுப்புக் கோட்டு தைத்தார்கள். கடை வாசலில் 'நாகையா, மெம்பர்' என்று பித்தளைப் பலகை மாட்டினார்கள். அதைத் தினமும் புளி போட்டுத் துலக்க வேண்டியிருந்தது. மெம்பர் வருகிறார் என்றால் காப்பிக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்திருப்பார்கள், அவர் உட்கார்ந்ததும் தங்கள் வீட்டுச் சாக்கடையைப் பற்றி ஆரம்பிப்பார்கள்.

போர்டு கூட்டத்தில் அவருக்கு வேலை சுலபம். தலைவர் துரை ஏதோ வாசிப்பார். சுகாதார துரை பிரேரேபிப்பார். பிரேரணையை இன்னொருவர் ஆமோதிக்க வேண்டும் என்பது சட்டம். நாகையாவுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருக்கும் ராதாகிருஷ்ணன் அவர் தோளைத் தொடுவான். நாகையா எழுந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "செகண்ட், சார்" என்பார். துரை புன்னகை செய்வார். மூன்றாவது மாதத்திலிருந்து தோளைத் தொட வேண்டிய தேவையில்லாமல் போயிற்று. வாசிப்பது நின்றதுமே முழங்கால் தானாக நிமிர்ந்தது.

அப்படி அவர் ஆமோதித்தவற்றில் நாய் லைசென்ஸ் கட்டணம் ஒன்று, கடைத்தெருவில் மாட்டுக்கொட்டகை கூடாது என்பது ஒன்று. மறுநாள் பால்காரர்கள் திரண்டு வந்தார்கள்.

"மெம்பரே, எங்க கொட்டகையைப் பிரிக்கச் சொல்லி நீங்களா கை தூக்குனீங்க?"

"நான் கை தூக்கலையே. எந்திரிச்சுத்தான் நின்னேன்."

"நிக்காம உக்காந்திருக்கப்படாதா?"

உட்கார்ந்தே இருக்கலாம் என்பது அதுவரை நாகையாவுக்குத் தோன்றவில்லை.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் கோட்டை எடுத்துக் கொடுக்கும்போது பவுனம்மாள் கேட்பாள்: "இன்னைக்குக் கேப்பீங்களா?" திரும்பி வந்து கோட்டைக் கழற்றும்போது, "கேட்டீங்களா?" என்பாள். "அடுத்த மாசம்" என்பார் நாகையா. பாசாருக்குப் போகும்போதெல்லாம் அவள் முடுக்குத் திருப்பத்தில் நின்று, தூரத்தில் அந்த மரத்துக்குக் கிழக்கே பார்ப்பாள். கூட வரும் லெட்சுமியும் நிற்பாள். லெட்சுமி மரத்துக்கு மேற்கே பார்ப்பாள். அவள் புருஷன் ரோட்டுக் கூலி. நாய் தோண்டிய பிறகு இரண்டாம் தடவையும் அவனேதான் புதைத்தான், கைச்சாணால் அளந்து இடத்தைச் சொல்வான்.

ஒன்றரை வருஷம் இப்படிப் போயிற்று. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே பவுனம்மாள் சொன்னாள்: "நீங்க கேக்க வெக்கப்படறீங்கன்னா சொல்லிருங்க. நானே வந்து துரை கால்ல விழறேன்."

அன்று சாயங்காலம் நாகையா மானத்தைத் துடைத்துப் போட்டுவிட்டுக் கார்த்திகேசு வீட்டுப் படியேறினார். போர்டில் எதையும் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தால்தான் எடுத்துக்கொள்வார்கள்.

"வாரும் காணும், மெம்பர்!" என்றார் கார்த்திகேசு. ஒன்றரை வருஷமாக இந்த வரவேற்பைத் தயாராக வைத்திருந்தவர் போல. "வெத்திலை போடுறீரோ? பாக்கும் சேர்த்துத் தரட்டோ?"

நாகையா விஷயத்தைச் சொன்னார். கார்த்திகேசுவின் முகத்தில் இருந்த கேலி மெல்ல இறங்கியது.

"நான் எழுதித் தாறன். அது பெரிய காரியமில்லை. ஆனா ஒண்டு கேளும். அந்தக் காணி போர்டின்ர படத்தில சுடுகாடெண்டு இருக்கோ, எண்டு பாத்தனீரோ?"

"படத்துல என்னங்க இருக்கு? ஊரே அங்கதானே புதைக்குது."

"ஊருக்குத் தெரியும். துரைக்குத் தெரியாது. நீர் எழுதிக் கேட்டா அவருக்கும் தெரிஞ்சு போகும். பிறகு அவர் சும்மா இருக்கேலாது."

"தெரியட்டும்ங்க. தெரிஞ்சாத்தானே வேலி போடுவாங்க?"

கார்த்திகேசு பேனாவை எடுத்தார். ஆளுக்கேற்ற மாதிரி இரண்டே பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அவர் வாழ்நாளில் எழுதியவற்றுள் அதுதான் சின்னது என்பார்கள்.

அந்தப் புதன்கிழமை மாடு கத்தவில்லை. தலைவர் துரை இரண்டு பக்கத்தையும் நிதானமாக வாசித்தார். வாசித்து முடித்ததும் நாகையாவின் முழங்கால் பழக்கத்தில் நிமிரப் பார்த்தது. தன் பிரேரணையைத் தானே ஆமோதிக்கக்கூடாது என்று ராதாகிருஷ்ணன் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். ஊர்ப் படத்தைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார்கள். ஆற்றங்கரை மேட்டில் சுடுகாடும் இல்லை, இடுகாடும் இல்லை. அந்த இடத்தில் இரண்டே வார்த்தை எழுதியிருந்தது.

"குப்பைக்கு ஒதுக்கினது" என்று காதோரம் சொன்னான் ராதாகிருஷ்ணன்.

சுகாதார துரை எழுந்தார். முகம் சிவந்திருந்தது. அவர் கெட்டவர் இல்லை. வயிற்றுப்போக்கில் சாகும் பிள்ளைகளின் கணக்கைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெட்டவர். ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கும் ஊரில் ஆற்றங்கரையிலேயே புதைக்கிறார்களா என்று கேட்டார். இன்றே மூட வேண்டும், மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்க வேண்டும், இனிப் புதைப்பவர்மேல் வழக்குப் போட வேண்டும் என்றார். ராதாகிருஷ்ணன் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னான். நாகையாவுக்கு எல்லாம் விளங்கிற்று. இந்த ஒரு கூட்டத்தில்தான் அவருக்கு எல்லாம் விளங்கிற்று.

தலைவர் துரை நாகையாவைப் பார்த்து மெதுவாக ஏதோ கேட்டார்.

"உங்க புள்ளையும் அங்கதானான்னு கேக்கறாருண்ணே."

நாகையா தலையை ஆட்டினார். தலைவர் துரை கண்ணாடியைக் கழற்றினார். மாடு கத்தாதபோதே கழற்றினார். சுகாதார துரையிடம் குனிந்து பேசினார். அப்புறம் தீர்மானத்தில் ஒரு வரி கூடிற்று: போர்டு மெம்பரின் குழந்தைக்கு மரியாதையாக, அந்த ஒரு குழியை மட்டும் விட்டுவைத்து, போர்டுச் செலவில் கம்பி வேலி போடுவது.

"மத்த புள்ளைங்க?" என்றார் நாகையா, பின்னால் திரும்பி.

"ரெண்டும் ஒரே தீர்மானம்ணே. வேலி வந்தா குப்பையும் வரும்."

"தனித்தனியாக் கேட்டுப் பாரேன்."

"துரை அழுதுருவாரு போல இருக்காரு. இப்பப் போயி எப்படிண்ணே கேக்கறது?"

தலைவர் துரை வாசித்து முடித்தார். யார் ஆமோதிக்கிறார்கள் என்று மேஜையைச் சுற்றிப் பார்த்தார். தவுக்கே மேஜையைப் பார்த்தார். பெங்குலு ஜன்னலைப் பார்த்தார். நாகையாவுக்குப் பவுனம்மாளின் முகம் நினைவுக்கு வந்தது. லெட்சுமியின் முகமும் வந்தது. பால்காரர் சொன்னதும் வந்தது, நிக்காம உக்காந்திருக்கப்படாதா என்று. அதற்குள் முழங்கால் நிமிர்ந்துவிட்டது. நின்ற பிறகு சும்மா நிற்க முடியாதல்லவா?

"செகண்ட், சார்."

செய்தி அவருக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. லெட்சுமி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள்.

"உன் புள்ளைக்கு வேலி. எம் புள்ளைக்குக் குப்பை. நல்லா இருங்க" என்று பவுனம்மாளிடம் சொல்லிவிட்டு, நாகையாவைப் பார்க்காமலே கடந்து போனாள்.

பவுனம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "ஏங்க, அவ புள்ளையையும் எடுத்து நம்ம வேலிக்குள்ள சேர்த்துக்க முடியுமா?" என்று கேட்டாள். "எடம் அவ புருஷனுக்குத் தெரியும். நம்ம புள்ள பக்கத்துலயே வச்சிரலாம். துணையாவும் இருக்கும்."

"தோண்டப்படாதுன்னு உத்தரவு" என்றார் நாகையா.

வேலி போடும் நாள் வந்தது. ஒரு பக்கம் குப்பை வண்டிகள் ஆற்றங்கரை மேட்டின் ஓரத்தில் வரிசையாக நின்றன. வேலி வேலை முடிந்தால்தான் கொட்ட ஆரம்பிக்க வேண்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தார்கள். போர்டு ஓவர்சியர் வாசு, நாலு கூலிகள், கருங்காலிக் கம்பங்கள், முள்கம்பிச் சுருள். ராவுத்தர் சங்கத்தின் சார்பில் மாலையோடு வந்திருந்தார். இதற்கு மாலை போடலாமா கூடாதா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்க ஊர் வந்திருந்தது. லெட்சுமியின் புருஷன் மேற்குப் பக்கம் ஒரு மேட்டருகே குந்தியிருந்தான், எழுந்திருக்கவில்லை.

பவுனம்மாளும் வந்தாள். பெண்கள் வருவதில்லை என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை. கையில் ஒரு சின்னப் பித்தளைச் செம்பில் பால் வைத்திருந்தாள்.

"மெம்பரய்யா, எடத்தைக் காட்டுங்க" என்றான் வாசு.

நாகையா கறுப்புக் கோட்டில் வேர்த்துக்கொண்டு நடந்தார். தூங்குமூஞ்சி மரம் வந்தது. மரத்துக்குக் கிழக்கே ஆறேழு மேடுகள் இருந்தன. ஒன்றில் கல் இருந்தது. அதன் முன்னால் போய் நின்றார். இது அடுத்த வீட்டுக்காரன் பிள்ளையாக இருந்தால்? கூட்டத்தில் எவனாவது வாயைத் திறந்து, ஐயா, அது என் மகன் என்றால்? அவன் சொல்லாவிட்டாலும், எவனோ பெற்ற பிள்ளைக்கு வேலி போட்டு இவள் பால் ஊற்றுவதா? நாகையா அந்தக் கல்லைத் தாண்டினார். அடுத்த மேட்டையும் தாண்டினார். எல்லா மேடும் தாண்டி, புல் மட்டும் முளைத்துச் சமமாகக் கிடந்த ஓர் இடத்தில் நின்றார். மேடும் இல்லை, கல்லும் இல்லை, யாருடையதும் இல்லை.

"இங்கதான்."

"கல்லு வச்சேன்னீங்களே" என்றாள் பவுனம்மாள் மெதுவாக.

"மழையில உருண்டிருக்கும் பவுனு. ஒன்றரை வருஷம் ஆச்சுல்ல."

அவள் தலையை ஆட்டினாள். புல்லில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கையால் தரையைத் தடவினாள், தொட்டிலில் கிடப்பதைத் தடவுவது போல. தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடாமல் பேசும் குரலில் ஏதோ சொன்னாள். நாகையாவுக்கு அது கேட்கவில்லை. பாலை ஊற்றினாள். மண் உடனே குடிக்கவில்லை. பால் புல்லின்மேல் தேங்கி நின்றது. ராவுத்தர் மாலையைப் பின்னால் மறைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

"அம்மா கொஞ்சம் தள்ளிக்கிட்டீங்கன்னா கம்பம் நட்டுருவோம்" என்றான் வாசு.

முதல் கம்பத்துக்குக் குழி தோண்டினார்கள். ஒரு முழம் போனதும் கடப்பாரை கிணுங்கென்றது. கல் என்று நினைத்து ஓரடி தள்ளித் தோண்டினார்கள். அங்கேயும் கிணுங்கென்றது. எதிர் மூலையில் தோண்டினார்கள். மூன்றாவது குழியில் வாசுவே இறங்கி, கையால் மண்ணை வழித்துப் பார்த்தான். நிமிர்ந்து நாகையாவைப் பார்த்தான். பிறகு பவுனம்மாளைப் பார்த்துவிட்டு, கையில் ஒட்டிய மண்ணைத் துடைக்க ஆரம்பித்தான்.

"என்னது அது?" என்றாள் பவுனம்மாள்.

அவளே குழி ஓரத்துக்கு வந்து குனிந்து பார்த்தாள். காலிச் செம்பு கையிலேயே இருந்தது. ஒரு கூலி, நிலைமை புரியாமல், தனக்குத் தெரிந்ததைச் சொன்னான்: இது அந்தக் காலத்திலேயே கட்டியதாம், அவன் அப்பன் செங்கல் சுமந்தானாம்.

நாகையா காட்டிய இடத்துக்கு அடியில், மூலைக்கு மூலை, சானிட்டரி போர்டு இருபது வருஷத்துக்கு முன்னால் கட்டி மூடிவிட்டு, படத்தில் குறிக்க மறந்துபோன செங்கல் சாக்கடை இருந்தது.